ரெண்டு பக்கமும் பச்சை

எங்கள் தெருவில் முதன்முதலாக மோட்டார் கார் வாங்கியவர் ஒரு வக்கீலாகவோ டாக்டராகவோ இருந்திருந்தால் யாரும் வாயைப் பிளந்திருக்க மாட்டோம். வாங்கியவர் சாம்பசிவன். திருவனந்தபுரம் கோட்டைக்குள் என் வீட்டுக்கு நேர் எதிர்வீடு. சர்க்கார் தலைமையகமான ஹஜூர் கச்சேரியில் ரிக்கார்டு செக்‌ஷனில் எனக்கு அடுத்த மேஜை. பொன்முடித் தோட்டத்துத் துரை ஒருவர் கப்பலேறும் அவசரத்தில், கல்லாற்றுப் பக்கம் நின்றுபோயிருந்த தன் பழைய காரை வந்த விலைக்குத் தள்ளிவிட்டுப் போனார். அது சாம்பசிவன் தலையில் விழுந்தது. என்ஜினுக்கு ஒரு குறையும் இல்லை. மேல்தோல்தான் சிரங்கு வந்த மாதிரி உரிந்துகொண்டிருந்தது.

கார் ஆசை அவருக்கு வந்ததற்குக் காரணம் அவர் மனைவி பாகீரதி. கடைசியாக அவள் வடிவீஸ்வரத்தில் பிறந்த வீட்டுக்குப் போனபோது, அவள் அண்ணா வாசலில் நின்று, "திருவனந்தபுரத்து உத்தியோகஸ்தர் வந்து இறங்கறது கட்டை வண்டியிலயா?" என்று நாலு பேர் நடுவில் கேட்டுவிட்டாராம். அதோடு ஒன்பது வருஷம் அவள் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. இப்போது, மலையாளக் கணக்கில் ஆயிரத்து நூற்றுப் பதின்மூன்றாம் ஆண்டு மாசியில், அந்த அண்ணாவின் பெண்ணுக்குக் கல்யாணம். "கார்ல போறோம். வாசல்லயே கொண்டு நிறுத்தறேன்" என்றார் சாம்பசிவன். பாகீரதி யோசித்துவிட்டு ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். கார் பச்சையாக இருக்க வேண்டும்.

தம்பானூர்ப் பட்டறையில் பெயின்ட் அடிக்கக் கேட்ட கூலி இரண்டு மாதச் சம்பளம். கேட்டுவிட்டுத் திரும்பி வந்த மனிதர், "அடிக்கறதுக்கு ஒரு கை போதும், எனக்கு ரெண்டு இருக்கு" என்று சொல்லிவிட்டார். வாசலில் காரை நிறுத்தி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, நாலு நாள் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். கண்ணாடிகளில் பழைய பத்திரிகையைக் கஞ்சிப் பசை தடவி ஒட்டினார். புழுதி கிளம்பாமல் இருக்கத் தெருவில் பாதி தூரத்துக்குத் தண்ணீர் தெளித்தார். ராகுகாலம் பார்த்துத்தான் பிரஷைத் தொட்டார். எல்லாம் சரியாகத்தான் செய்தார்.

சாம்பசிவனுக்கு ஒரு கொள்கை உண்டு. கடைக்காரனிடம் இன்னது வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்கக்கூடாது, கேட்டால் பழைய சரக்கைத் தலையில் கட்டிவிடுவான். புடவையோ புளியோ, குவியலில் தானே பார்த்து எடுத்துக் காசை வைத்துவிட்டு வந்துவிடுவார். சாலைக் கடைத்தெருவில் திரவிய நாடார் மீன்பிடி வள்ளங்களுக்கு அடித்து மிஞ்சிய பெயின்டைக் குறைந்த விலைக்கு விற்றுவந்தார். அங்கே மூடி திறந்து வைத்திருந்த டின்களை உற்றுப் பார்த்து ஒன்றைத் தூக்கி வந்தார். முதல் நாள் வீட்டைப் பார்த்த பக்கத்தை முடித்ததும் அது காலி. மறுநாள் போய் இன்னொன்றைத் தொட்டுக் காட்டினார். "இதா சாமி வேணும்?" என்று நாடார் இரண்டாம் தடவையும் கேட்டிருக்கிறார். "அதாக்கும்" என்றார் இவர். சாமிக்குத் தெரியாததா என்று அவர் விட்டுவிட்டார்.

அடுத்த நாள் காலை குளத்துக்குக் குளிக்கப் போகும் வழியில், சாம்பசிவனுக்குப் பக்கத்து வீட்டுத் தாணு ஐயர் என்னோடு சேர்ந்துகொண்டார்.

"காருக்கு நல்ல பச்சையா அடிச்சிருக்கார், பாத்தேரா?"

"பச்சையா? ஓய், அது செங்காவியாக்கும்."

"நான் வெறுதே சொல்வேனா? என் வீட்டு வாசல்லேந்து பாத்துட்டுத்தானே வரேன்."

"நானும் என் வீட்டு வாசல்லேந்துதான் பாத்தேன்."

குளியலை விட்டுத் திரும்பி வந்து இரண்டு பேரும் காரைப் பிரதட்சிணம் செய்தோம். அவர் சொன்னதும் சரி, நான் சொன்னதும் சரி. அவர்கள் வரிசையைப் பார்த்த பக்கம் பச்சை. எங்கள் வரிசையைப் பார்த்த பக்கம் செங்கல். நடு மூக்கில் இரண்டும் கோடு கிழித்தாற்போல் சந்தித்தன. காப்பி டம்ளரோடு சாம்பசிவன் முகமெல்லாம் சிரிப்பாக வெளியே வந்தார்.

"எப்படி இருக்கு பச்சை?"

"எந்தப் பக்கத்தைக் கேக்கறீர்?" என்றார் தாணு.

"எந்தப் பக்கம்னா? ரெண்டு பக்கமும் ஒரே சரக்காக்கும். காலங்காத்தால என்னைக் களியாக்கிச் சிரிக்க வேண்டாம்."

அவர் பொய் சொல்லாத மனிதர். தமாஷ் செய்யவும் வராது.  தாணு ஐயர்தான் என்னை ஓரமாக இழுத்துப்போய் விளக்கினார்: வேண்டுதல். பச்சை அம்பாள் பாதி, சிவப்பு ஈசன் பாதி. வெளியே சொன்னால் பலிக்காது, அதனால்தான் மழுப்புகிறார். மத்தியானத்துக்குள் தெரு முழுவதும் அதை நம்பிவிட்டது. கோவிலிலிருந்து திரும்பும் பெண்கள் செங்காவிப் பக்கத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். ஒரு மாமி மட்கார்டில் குங்குமம் வைத்தாள். பதினேழு வருஷம் கச்சேரிக் காகிதம் படித்த நானும் நம்பினேன், வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன்.

"என் காருக்கு எதுக்கு எல்லாரும் நமஸ்காரம் பண்றா? ஒண்ணும் பிடி கிட்டல்லையே" என்று சாம்பசிவன் என்னிடமே வந்து கேட்டார். நான் அர்த்தபுஷ்டியாகச் சிரித்து வைத்தேன். அவர் இன்னும் குழம்பிப் போனார்.

டர்பன்டைன் வாடைக்குப் பயந்து பின்கட்டிலேயே இருந்த பாகீரதி, வாசல்நிலையிலிருந்து பார்த்தது பச்சைப் பக்கத்தை மட்டும்தான். பார்த்துச் சந்தோஷப்பட்டிருந்தாள். சாயங்காலம் பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு எங்கள் வரிசையோரமாக நடந்து வந்தபோது மறுபக்கம் கண்ணில் பட்டது. உள்ளே போனவள் கல்யாணத்துக்கு அடுக்கி வைத்த பெட்டியைப் பிரித்துத் துணிகளை வெளியே எடுக்க ஆரம்பித்துவிட்டாள். சாம்பசிவன் தெருவைத் தாண்டி ஓடிவந்து என்னைக் கையைப் பிடித்து அழைத்துப்போனார்.

அவள் அவரைப் பார்க்கவே இல்லை. என்னிடம்தான் சொன்னாள்.

"நான் வரல்லை. நீங்களே கேளுங்கோ. கல்யாணம் ஆன நாள்லேந்து வாயைத் திறந்து இவர்கிட்ட கேட்டது ஒண்ணே ஒண்ணு, பச்சை. தீபாவளிக்குத் தீபாவளி கேட்டேன். ஒரு தடவை வாங்கினது உண்டா? இப்போ காருக்குப் பாதி அடிச்சுட்டு, மீதிப் பாதியில என்னைப் பரிகாசம் பண்றார்."

"எல்லாத் தீபாவளிக்கும் பச்சைதானே வாங்கினேன்?" என்றார் சாம்பசிவன்.

அவள் அலமாரியைத் திறந்து புடவைகளை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து கூடத்தில் போட்டாள். அரக்கு, செங்காவி, பழுப்பு, செங்கல். பாதிக்கு மேல் மடிப்புக்கூடக் கலையாதவை. அவர் குந்தி உட்கார்ந்து ஒவ்வொன்றையும் தடவினார்.

"இது பச்சை. இதுவும் பச்சை. இது ஸ்வல்பம் இருண்ட பச்சை. நாகேஸ்வரன், நீர் சொல்லும், பச்சைதானே?"

 பாகீரதி தாம்பாளத்திலிருந்து ஒரு வெற்றிலையை எடுத்துச் செங்கல் நிறப் புடவைமேல் வைத்தாள்.

"இது ரெண்டும் ஒண்ணா?"

"ஒண்ணுதான். இலைதான் கொஞ்சம் மினுங்கறது."

அவள் வெற்றிலையைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அப்போ நீங்கள்ளாம் பாக்கறது என்னது?" என்று கேட்டார் சாம்பசிவன். என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.  சிவப்பே தெரியாத கண்ணுக்குச் சிவப்பு என்றால் என்ன என்று எப்படிச் சொல்வது? அவருக்கு அடுத்த மேஜையில் இத்தனை வருஷம் உட்கார்ந்திருந்தும் எனக்கு இது தெரியாமல் போயிருந்தது.

"நான் சொல்றது எதுவும் உங்க காதுல விழறதே இல்லைன்னு நினைச்சிண்டிருந்தேன்" என்றாள் பாகீரதி.

"உனக்குப் பச்சை பிடிக்கும்னு எனக்குத் தெரியாதா?" என்றார் அவர்.

மறுநாள் நான் பச்சை டின் வாங்கிவரக் கிளம்பியபோது பாகீரதி தடுத்துவிட்டாள். வெள்ளிக்கிழமை காலை கார் புறப்பட்டது. அவள் அந்தச் செங்கல் நிறப் புடவையை மடிப்புக் கலையாமல் கட்டிக்கொண்டு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். எனக்குக் கவலை தாங்கவில்லை. என்ஜினைக் கிளப்ப அவர் கிராங்க்கைச் சுற்ற இறங்கியபோது ஜன்னலருகில் குனிந்து, "வாசல்ல அண்ணா நின்னுண்டு, இது என்ன நிறம்னு கேட்டா?" என்றேன்.

"பச்சைன்னு சொல்லுவேன்" என்றாள். "ரெண்டு பக்கமும் பச்சை."