காலாட்டி

உட்கார்ந்ததும் என் தங்கையின் வலது கால் ஆடத் தொடங்கிவிடும். அந்தக் காலோடுதான் அவள் எல்லாவற்றையும் ஜெயித்தாள்: பெண் என்றால் பாலிஷ் போட மட்டும் என்றிருந்த மரப்பட்டறையில் தனக்கென்று ஒரு மேசை, "பொண்ணுக்கு உளி எதுக்கு?" என்று கேட்ட அப்பாவின் சம்மதம், திரும்பத் திரும்ப மறுத்த இசை அரங்கத்து மேலாளர் பட்டறைக்கே வந்து நின்றது.

அவள் உண்டாக்கிய வாத்தியத்தின் பெயர் காலாட்டி. அர்த்தம் கேட்காதவர் இல்லை. அது அவளுடைய பட்டப்பெயர்தான். "காலாட்டாதடி, வீடே அதிருது" என்று அம்மா திட்டித் திட்டி, தெருவே அப்படிக் கூப்பிட ஆரம்பித்தது. வகுப்பில் பெஞ்சு ஆடுகிறதென்று தனியாக உட்காரவைத்தார்கள். என்னிடம் வந்து அழுதாள். அழும்போதும் கால் நிற்கவில்லை.

ஒருநாள் என் தையல் மெஷினின் மிதியைக் காணோம்.

"எங்கடி?"

"ரெண்டே நாள், பொறுத்துக்கோக்கா."

மரப்பெட்டிமேல் நான்கு கம்பிகள், அடியில் தோல் சுற்றிய சக்கரம், அதை அசைக்க என் மிதி. நிதானமாக மிதித்தால் சக்கரம் வழுக்கிவிடும். கால் நடுங்க வேண்டும். அப்போதுதான் கம்பி, தொண்டை கட்டியவர் பாடுவதுபோல் முனகி, மெல்லத் தெளியும். மிதி இன்னும் வீடு திரும்பவில்லை.

பட்டறைக்கு வந்த மேலாளர், நானும் பார்த்துக்கொண்டிருக்க, விறைப்பாக உட்கார்ந்து மிதித்தார். சத்தமே இல்லை.

"வெக்கப்படாம ஆட்டுங்க சார். இங்க யாரும் திட்ட மாட்டாங்க" என்றாள் தங்கை.

ஆட்டினார். வாத்தியம் பாடியது. வாய்விட்டுச் சிரித்தவர், உடனே முகத்தைச் சரிசெய்துகொண்டார்.

"சத்தம் பிரமாதம்மா. பேருதான் கேலியா இருக்கு. நாதலஹரின்னு வைங்க, எங்க அரங்கத்துக் கண்காட்சியில நடுவுல வைக்கிறேன். இதே பேருன்னா இடம் இல்ல."

அவள் மேசைக்கும் வாசலுக்குமாக நடந்தாள். இந்த இடத்துக்காக எத்தனை காலம் அலைந்திருக்கிறாள்!

"மாத்திக்கோயேன்டி. ஒரு பேருதானே?"

"நீ சொல்லாதக்கா. தெருவே அப்படிக் கூப்பிட்டப்பல்லாம் திரும்பிப் பாத்தது நான்."

பட்டறைச் சாமான்களில் முதலாளியின் முத்திரைதான் இருக்கும். செய்தவர் பெயர் இருந்ததில்லை. அவள் சிறிய உளியை எடுத்தாள். மேலாளர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே முன்பலகையில் 'காலாட்டி' என்று வெட்டினாள். தூளை ஊதினாள். அதன் கீழே, தான் செய்த பொருளில் முதல்முறையாகத் தன் கையெழுத்து. அதற்கும் கீழே அன்றைய தேதி: மார்ச் ஒன்பது.