நாய்க்குப் போட்டது யார்

தம்பியின் நெஞ்சுக்குள் ஒரு தண்ணீர்க் கட்டி இருக்கிறது என்று சேலத்தில் மருத்துவர் சொன்னபோது எனக்குப் பத்து வயது, அவனுக்கு ஆறு. அதுவரை அது வெறும் இருமல்தான். கசாயம், தாயத்து, தர்மபுரியில் மாதக்கணக்கில் போட்ட ஊசி எதற்கும் அசையாத இருமல். மருத்துவர் எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். எலுமிச்சம்பழ அளவில் ஒரு வெள்ளை வட்டம், கோணல் இல்லாமல். அழகாக இருக்கிறதே என்றுகூட நினைத்தேன்.

"பூச்சியால வர்ற கட்டிங்க பாய். உள்ள முழுக்கத் தண்ணி. நெஞ்சத் தொறந்து, சுத்தி உப்புத்தண்ணில நனைச்ச துணிய வச்சிக்கிட்டு, ஒடையாம எடுக்கணும்" என்று அத்தாவிடம் சொன்னார்.

"ஒடஞ்சிட்டா என்னாங்க?" என்று அம்மா கேட்டாள்.

அவர் படத்தை உறையில் போட்டுவிட்டுத்தான் பதில் சொன்னார். அந்தத் தண்ணீர் உள்ளே சிந்தினால் உயிருக்கே ஆபத்து. ஆபரேஷன் செவ்வாய்க்கிழமை. அதுவரை பையன் ஓடக் கூடாது, விழக் கூடாது, யாரும் முதுகில் தட்டக் கூடாது.

அந்த ஐந்து நாளும் ஆஸ்பத்திரி வார்டில் எங்களுக்குச் சோறு இறங்கவில்லை. அவன் இருமினால் தட்டிக்கொடுத்தே பழகிய அம்மாவின் கை தானாக எழும்பும், பாதியில் நின்றுவிடும். அதை முந்தானைக்குள் சுருட்டிக்கொள்வாள். நான் காவல்காரி. கட்டிலைவிட்டு இறங்கப் பார்த்தால் காலைக் கட்டிக்கொள்வேன். அவன் சிரித்தால்கூட வாயைப் பொத்துவேன். அவனுக்கோ ஒரே கவலை. அம்மா அந்தப் பக்கம் போனதும், "அக்கா, ஜிம்மிக்கி யாரு போடுவாங்க?" என்று கேட்பான்.

ஜிம்மி எங்கள் நாய் என்று சொல்ல முடியாது. அம்மா வீட்டுப் பக்கமே நாயை அண்டவிடமாட்டாள். நாய் வாய்வைத்த பாத்திரத்தை ஏழு தடவை கழுவுகிறவள் அவள். அத்தாவுக்குக் காரிமங்கலத்தில் ஆட்டுக்கறிக் கடை. கடைக்குப் பின்னால்தான் ஜிம்மியின் குடித்தனம். சில ஆடுகளின் ஈரலிலும் நுரையீரலிலும் நீர்க்கட்டி இருக்கும். அது விற்காது. அத்தா அறுத்து ஓரமாக ஒதுக்கிவிடுவார். ஜிம்மிக்குப் போடுவது என் வேலை. கட்டியைத் தோல் கிழியாமல் பிதுக்கி எடுப்பதில் நான் கெட்டிக்காரி. ஜிம்மி கடித்ததும் தண்ணீர் பீச்சியடிக்கும். தம்பி கைகொட்டிச் சிரிப்பான், பிறகு அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு புரளுவான். அம்மாவிடம் மூச்சுவிடமாட்டோம். அத்தா பார்த்தும் பாராததுபோல் இருந்துவிடுவார்.

செவ்வாய்க்கிழமை காலையில் தம்பியைத் தள்ளுவண்டியில் கொண்டுபோனார்கள். அம்மா பெஞ்சில் உட்கார்ந்து தஸ்பீஹ் மணிமாலையை உருட்டிக்கொண்டிருந்தாள். அத்தா உட்காரவே இல்லை. நடுவில் ஒரு நர்ஸ் கதவைத் திறந்துகொண்டு ஓடிவந்து, கையில் இரண்டு பாட்டில்களோடு திரும்பி ஓடினாள். அம்மாவின் உதடுகள் அசைவதை நிறுத்திவிட்டன. கதவு மறுபடி திறக்கும்போது உச்சிவெயில் வராந்தாவைவிட்டு இறங்கியிருந்தது.

"ஒடையாம வந்துருச்சுங்க பாய். பையன் நல்லா இருக்கான்."

அம்மா முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். மருத்துவர் ஒரு தட்டை நீட்டிக் காட்டினார். உரித்த அவித்த முட்டைபோல வெள்ளையாக, வழவழவென்று ததும்பிக்கொண்டு கிடந்தது அது. எனக்குத் தெரிந்த சங்கதி.

"அத்தா, இது நாம ஜிம்மிக்கி…" என்று ஆரம்பித்தேன். அத்தாவின் கை என் தோளில் விழுந்தது. எலும்பு நோக அழுத்தினார்.

"உங்க கடையில ஆட்டு ஈரல்ல இந்த மாதிரி இருந்தா என்ன பண்ணுவீங்க?" என்று மருத்துவர் அவரைக் கேட்டார்.

"கடைக்கிட்ட ஒரு நாய் கெடக்குதுங்க. அதுக்குப் போட்டுருவேங்க."

"நீங்களேவா போடுவீங்க?"

"நாந்தாங்க. வேற யாரு போடப்போறா?"

பச்சைப் பொய். ஜிம்மியை ஏறெடுத்துப் பார்க்கக்கூட அவருக்கு நேரம் இருந்ததில்லை. எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. மருத்துவர் அதன்பிறகு வெகுநேரம் பேசினார். நாய், புழு, முட்டை, நாயின் முடி, குழந்தையின் கை என்று என்னென்னவோ. ஒன்றும் என் காதில் ஏறவில்லை. அம்மா முழுவதையும் கேட்டாள். கேட்டு முடித்ததும், "பெத்த புள்ளைக்கி நீங்களே நோவ வச்சிட்டீங்களேங்க" என்று அத்தாவிடம் சொல்லிவிட்டுத் திரும்பி நின்றுகொண்டாள். தம்பியின் விலாவில் இருக்கும் தழும்பைப் பார்க்கும்போதெல்லாம், அத்தா மறைந்து இத்தனை வருடம் ஆன பிறகும், அவள் அதைச் சொல்லாமல் இருப்பதில்லை.

கல்லூரியில் விலங்கியல் புத்தகத்தைப் புரட்டியபோது அந்தப் படம் வந்தது. ஓர் ஆடு, ஒரு நாய், ஒரு குழந்தை. ஆட்டிலிருந்து நாய்க்கு ஓர் அம்புக்குறி. அதன்மேல் விரலை வைத்தேன், எடுக்க முடியவில்லை. அந்த அம்புக்குறி நான்தான். அத்தா அப்போது உயிரோடு இல்லை.

ஆனால் தையல் பிரித்து ஊருக்குத் திரும்பிய அன்று இதெல்லாம் எனக்கு எங்கே தெரிந்தது? சேலத்திலிருந்து காரிமங்கலம் வரை பேருந்தில் அம்மா அத்தாவோடு ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசவில்லை. நாய்க்குப் போட்டுவிட்டாரே என்று அம்மாவுக்குக் கோபம். நான் செய்த வேலையைத் தான் செய்ததாகச் சொல்லிவிட்டாரே என்று எனக்குக் கோபம். அத்தா தம்பியை மடியில் வைத்து, வண்டி குலுங்கும்போதெல்லாம் அவன் விலாவில் கையை அணை கொடுத்துக்கொண்டு, எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தார்.