வரைபடத்தில் கொஞ்ச நாள் இருந்த முடுக்கு

நடந்ததை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

1. எங்கள் வீட்டுப் பின்வாசலில் இருக்கும் முடுக்கு எந்த வரைபடத்திலும் இல்லை.
2. ஷார்ஜாவில் இருக்கும் லாத்தா, அதாவது என் அக்கா, அதைப் பார்க்க வேண்டும் என்றாள்.
3. இருவரும் சேர்ந்து அதை வரைந்தோம்.
4. கூரியர்க்காரர் பைக்கோடு உள்ளே வந்தார்.
5. வரைபடத்தில் ஒரு திருத்தம் செய்தேன். பைக் வருவது நின்றது, ஆனால் கேமராவோடு இருவர் வந்தார்கள்.
6. வீட்டார் முடுக்கை வரைபடத்திலிருந்து அழிக்கச் சொன்னார்கள்.

இதில் இரண்டாவதுதான் முக்கியம். மற்றதெல்லாம் அதிலிருந்து வந்தவை.

நான் படித்தது கணினி. வேலை இராமநாதபுரத்தில். மாலை பஸ்ஸில் திருப்புல்லாணி தாண்டினால்தான் உட்கார இடம் கிடைக்கும். கிடைத்ததும் புதிதாக வந்திருக்கும் தேடல் கருவி, வரைபடச் செயலி எதையாவது திறந்து சோதித்துப் பார்ப்பேன். சிலர் பாட்டுக் கேட்பதைப் போல எனக்கு இது. எந்தக் கருவி வந்தாலும் கடைசியில் ஒரே கேள்வியைக் கேட்பேன்: எங்கள் வீட்டிலிருந்து சாச்சி வீட்டுக்கு எப்படிப் போவது?

எல்லாம் தோற்கும். முன்வாசலில் இறங்கி, கடைத்தெருவுக்குப் போய், பள்ளிவாசலைச் சுற்றி, அடுத்த தெருவுக்குள் நுழையச் சொல்லும். எங்கள் பின்வாசலைத் திறந்தால் எதிரே உம்மாவின் தங்கையான சாச்சி வீட்டு அடுப்படி. இரண்டு தெரு வீடுகளும் முதுகைக் காட்டி நிற்க, நடுவே ஓடும் ஒடுங்கிய வழிதான் முடுக்கு. பெண்கள் போகவர மட்டுமே உள்ள வழி. இருபுறமும் உம்மாவின் அக்கா தங்கைகள், அவர்களுடைய பெண்கள். எங்கள் ஊரில் கல்யாணமானால் பெண் வீட்டை விட்டுப் போவதில்லை, மாப்பிள்ளைதான் வருவார். அதனால் எங்கள் வீட்டுக்குப் பெண்ணை வழியனுப்பிப் பழக்கமில்லை. மச்சான் லாத்தாவை ஷார்ஜாவுக்கு அழைத்துக்கொண்டபோது எந்தப் பெட்டியில் எதை வைப்பது என்றுகூட உம்மாவுக்குத் தெரியவில்லை. புளியைக் கைப்பையில் வைத்தார்.

லாத்தா இருப்பது பல மாடிக் கட்டடம். அங்கே வரைபடத்தில் லிப்ட் எந்தப் பக்கம் திறக்கும் என்பதுவரை இருக்கிறது. ஒருநாள் போனில் சொன்னாள்:

"இங்கன குப்பைத் தொட்டி கூட மேப்புல இருக்குடி. நம்ம வீட்டைப் பார்த்தா சாம்பக் கலர்ல ஒரு கட்டி. அதுக்குப் பின்னால ஒன்னுமே இல்ல. நான் என்ன, ஒன்னுமில்லாத எடத்துலயா பொறந்து வளந்தேன்?"

யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய திறந்த வரைபடம் ஒன்று உண்டு. அதில் வரைகிறேன் என்றேன்.

செயற்கைக்கோள் படத்தில் முடுக்கு தெரியவில்லை. ஓட்டுச் சரிவுகளும் நிழலும் மூடியிருந்தன. தடம் பதியும் செயலியைப் போனில் ஓடவிட்டு நடந்து பார்த்தேன். உயர்ந்த சுவர்களுக்கு நடுவில் நான் இருக்கும் இடத்தைப் பிடிக்க முடியாமல் செயலி தடுமாறியது. வீட்டுக்கு வந்து பார்த்தால், நான் சாச்சியின் அடுப்படிக்குள் புகுந்து, கிணற்றைக் கடந்து, பெரியம்மா வீட்டு மாடியில் ஏறி இறங்கியதாகக் கோடு காட்டியது.

லாத்தா வீடியோவில் பார்த்துச் சிரித்தாள். "ஏண்டி, கெணத்துக்குள்ளயும் எறங்கிட்டுத்தான் வந்தியா?" பிறகு அவள் நினைவிலிருந்து சொல்லச் சொல்ல நான் திருத்தினேன். "வளைவு அங்கன இல்ல, கெணறு தாண்டி. வலது கையில ஒரு ஒடஞ்ச படி வரும், அதுல காலு வைக்காம தாண்டணும்ல, அங்கன." அந்தப் படியை வரைபடத்தில் குறிக்க வழியில்லை. ஆனால் வளைவு அவள் சொன்ன இடத்தில்தான் இருந்தது. நான் தினமும் நடக்கிறவள், தவறாக வரைந்திருந்தேன்.

சில நாட்களில் எல்லோரும் பார்க்கும் வரைபடத்தில் கோடு தெரிய வந்தது. அன்றிலிருந்து மச்சான் வேலை முடிந்து வருவதற்கு முன்னால் லாத்தா கூப்பிடுவாள். ஒரு கையில் போன், இன்னொரு கையில் டேப்லெட். கோட்டில் விரலை வைத்து நகர்த்திக்கொண்டே பேசுவாள்.

"சாச்சி வீடு வந்துட்டேன். என்ன கொழம்பு?"

நான் பின்வாசலுக்குப் போய் மோந்து பார்த்துச் சொல்வேன். "நண்டு."

"பாவி, ஏன் சொன்ன," என்பாள். பிறகு விரல் நகர்ந்திருக்கும்: "பெரியம்மா வீடு தாண்டிட்டேன்." எனக்கும் அந்த நேரத்துக்காகத்தான் பகல் முழுவதும் ஓடியது. அவள் போன பிறகு முடுக்கில் என்னோடு சேர்ந்து நடக்க யாரும் இல்லை என்பதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

கூரியர்க்காரர் வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. அவருடைய செயலி அந்தத் திறந்த வரைபடத்திலிருந்துதான் வழி எடுக்கிறது என்று எனக்குத் தெரியாது. பைக் மட்டும் நுழையும் அகலம், திருப்ப முடியாது. சாச்சி முக்காடு இல்லாமல் வாசலில் உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தார்.

"யா அல்லா! யாருய்யா நீ? இங்கன எப்படி வந்த?"

"மேப்பு இப்படித்தாம்மா காட்டுது."

"மேப்பு காட்டுச்சுன்னா கடலுக்குள்ள போவியா? பின்னாடியே போ. திரும்பிப் பாக்காத!"

"திரும்பிப் பாக்காம எப்படிம்மா பின்னாடி போறது?"

கதவுகளுக்குப் பின்னாலிருந்து சிரிப்பு. யாரோ ஒருவர், "கண்ணாடியில பாத்துப் போங்க தம்பி, கண்ணாடியில நாங்க தெரிய மாட்டோம்," என்றார். கூரியர்க்காரர் வியர்த்துக் கொட்ட, முடுக்கின் வாய்வரை பின்னாலேயே உருட்டிக்கொண்டு போனார்.

தவறு எங்கே என்று பார்த்தேன். வழியின் வகை, அகலம், தரை எல்லாவற்றையும் நிரப்பியிருந்தேன். யார் போகலாம் என்ற கட்டத்தை மட்டும் காலியாக விட்டிருந்தேன். மறதி இல்லை. முடுக்கின் வாயில் கதவு கிடையாது, பலகை கிடையாது. எங்கள் ஊர் ஆண்பிள்ளை எவரும் நுழைய மாட்டார், அதனால் அது எழுதவேண்டிய விஷயமாக எனக்குத் தோன்றவே இல்லை. 'தனியார் வழி, பெண்களுக்கு மட்டும்' என்று எழுதினேன். பைக் வருவது நின்றது. லாத்தாவின் கோடும் பிழைத்தது. நானே என்னைப் பாராட்டிக்கொண்டேன்.

அடுத்தது அதைவிட மோசம். கேள்வி கேட்டால் வாக்கியமாகப் பதில் சொல்லும் புதிய தேடல் கருவி ஒன்றை பஸ்ஸில் சோதித்தேன். எங்கள் ஊரில் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டேன். கடற்கரை, பழைய பள்ளிவாசல் என்று சொல்லிவிட்டு, பெண்கள் மட்டும் நடக்கும் அபூர்வமான சந்து ஒன்றும் உண்டு என்றது. நான் எழுதியதை எனக்கே திருப்பிச் சொன்னது. அந்த வாரமே வெளியூர்க்காரர்கள் இருவர் முடுக்கின் வாயில் நின்று படம் எடுத்தார்கள். மரியாதையான ஆட்கள், உள்ளே வரவில்லை. ஆனால் அன்று மாலை எந்தப் பின்வாசலும் திறக்கவில்லை.

சாச்சி தன் லாத்தாவான உம்மாவிடம் வந்தார். என்னைப் பார்க்காமல் பேசினார்.

"லாத்தா, ஒம் மக கோடு போட்டதுலருந்து நான் என் வீட்டு அடுப்படிக்கு புர்கா போட்டுட்டுப் போறேன். அழிக்கச் சொல்லு."

உம்மா என்னைப் பார்த்தார். "மூத்தவகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்க," என்று மட்டும் சொன்னார்.

லாத்தாவுக்கு நடந்ததைச் சொன்னேன். கோப்பாகச் சேமித்து அனுப்புகிறேன், உன் டேப்லெட்டில் மட்டும் இருக்கும் என்றேன்.

"அது வேணாம். நீ வரஞ்சு அனுப்புன படமா இருக்கும், அவ்வளவுதான். இதுன்னா எல்லாரும் பாக்குற மேப்புல நம்ம வழியும் இருக்குன்னு இருந்துச்சு." பிறகு, "சாச்சி கதவைச் சாத்திட்டா அது என்ன முடுக்கு? அழிச்சிரு. நான் அங்கன இருந்தா நானே வந்து சண்டை போட்டிருப்பேன்."

அழிக்கும் பொத்தான் திரையில் இருந்தது.

"இரு, இரு. ஒரு தடவை போயிட்டு வந்துர்றேன்."

அவள் விரல் கோட்டில் நகரத் தொடங்கியிருக்கும். சாச்சி வீட்டில் என்ன குழம்பு என்று அவள் கேட்கவில்லை. கிணறு, வளைவு, உடைந்த படி எல்லாம் தாண்டும் நேரம் ஆனது.

"ம். வீட்டுக்கு வந்துட்டேன். இப்ப அழி."

அழித்தேன்.

இப்போதைய நிலை இது. வரைபடத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒன்றுமில்லை. தேடல் கருவி இன்னும் சில நேரம் அந்தச் சந்தைப் பற்றிச் சொல்கிறது, எங்கே என்று கேட்டால் தெரியவில்லை என்கிறது. சாச்சி மறுபடி முக்காடு இல்லாமல் மீன் ஆய்கிறார். மச்சானுக்கு எப்போது லீவு கிடைக்கும் என்று கம்பெனி சொல்லவில்லை. லாத்தா அதே நேரத்துக்குக் கூப்பிடுகிறாள். நான் போனைக் காதில் வைத்துக்கொண்டு முடுக்கில் நடக்கிறேன். வளைவில் சிக்னல் போய்விடும், படி தாண்டியதும் வரும்.