அவர் உடம்பிலிருந்து வந்த ஒளி

நிறை ஆற்றலாக மாறும் என்று இடைநிலைப்பள்ளியில் ஆண்டுதோறும் தொண்டை வறளக் கத்தியவள் நான். அது என் வீட்டுக்காரர் உடம்புக்குள்ளேயே நடக்கும் என்று யார் கண்டது?

குடலில் கட்டி. அறுத்து எடுத்தாகிவிட்டது. வேறெங்கும் பரவியிருக்கிறதா என்று படம் எடுக்கப் பினாங்குக்கு அனுப்பினார்கள். "பேரப்புள்ள மொகத்தப் பாத்துட்டா போதும்" என்பதுதான் அப்போது அவர் பேச்செல்லாம். மகள் ஏழு மாதக் கர்ப்பமாக இருந்தாள்.

கதிர் வீசும் சர்க்கரையை ஊசியில் ஏற்றுவார்களாம். மனிதர் தோட்டத்தில் ரப்பர்ப்பால் லோரி ஓட்டியவர். எதையும் கேட்காமல் விடமாட்டார்.

"அந்தச் சீனி உள்ள போயி என்ன செய்யும், டீச்சரம்மா?"

"கட்டி இருந்தா அது நெறைய சீனி திங்கும். சீனியிலேருந்து ஒரு துகள் வெளிய வரும். பக்கத்துல இருக்குற எலக்ட்ரானோட மோதி, ரெண்டுமே இல்லாம போயிரும். அதுங்களோட நிறை பூரா ஒளியா மாறிரும். நம்ம கண்ணுக்குத் தெரியாது, மெஷின் புடிச்சுக்கும்."

"அப்ப நான் கொறைஞ்சு போவேனா?"

"மயிரளவுகூட இல்ல லா."

"இனிமே கொறைய என்ன இருக்கு?" என்று தொளதொளத்த சட்டையை இழுத்துக் காட்டினார். எனக்கு எரிச்சலாக வந்தது. அழுகையை அடக்கினால் எனக்கு எரிச்சல்தான் வரும்.

அன்று முழுக்க கர்ப்பிணிகள் அவர் பக்கம் வரக்கூடாது என்றாள் தாதி. ஈப்போவில், சிலிபின் பக்கம் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது மகள் வாசலுக்கே வந்துவிட்டாள். "கிட்ட வராத பாப்பா! உள்ள போ!" என்று அதட்டினார். அவர் அவளை அதட்டி நான் கேட்டதேயில்லை. அவள் பொலபொலவென்று அழுதாள்.

அடுத்த வாரம் ஈப்போவில் டாக்டர் படத்தைத் திரையில் போட்டார். மூளையும் மூத்திரப்பையும் எல்லோருக்கும் மின்னும். அது எனக்குத் தெரியும். இவருக்கு ஈரல் மின்னியது, முதுகெலும்பு நெடுக மின்னியது.

"அடேங்கப்பா, எவ்வளவு வெளிச்சம்! நல்லா இருக்குன்னுதானே அர்த்தம்?" என்றார் இவர். விளக்கேற்றிக் கும்பிட்டே வளர்ந்தவருக்கு வெளிச்சம் என்றால் நல்லதுதான்.

டாக்டர் சீனர். தமிழ் புரியாமல் என்னைப் பார்த்தார். நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"இல்லீங்க. வெளிச்சம் தெரியுற எடமெல்லாம் பரவிருச்சு."

இவர் எழுந்து வெளியே நடந்தார். காரில் ஏறிய பிறகுதான் வாய் திறந்தார்.

"பாப்பாகிட்ட நீ சொல்லாத. புள்ள பொறக்கட்டும். நானே சொல்லிக்கிறேன்."

பேரன் பிறந்தான். சொல்வதற்கு அவர் இல்லை.