சாமி பேரில் கேட்ட ஆறு இலக்கம்

புதுச் சேலையின் கஞ்சி வாசனை வந்தால் இன்றும் பல்லைக் கடிக்கிறேன். தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த பசறையில் எனக்குப் புடவைக்கடை.

"திருவிழாக் கமிட்டி குரூப்ல சேர்க்கணும்ணே, போனுக்கு வந்த ஆறு நம்பரச் சொல்லுங்க" என்றான் போனில் ஒருவன். கோயில் காரியத்தில் நாங்கள் கேள்வி கேட்பதில்லை, சொல்லிவிட்டேன். அந்த ஆறு இலக்கத்தை வைத்தே என் வாட்ஸ்அப்பைப் பறித்து, தோட்டத்துப் பெண்களிடம் என் பெயரிலேயே திருவிழாச் சேலைக்கு அட்வான்ஸ் வாங்கிவிட்டான். கடையின் பெயர் நாறியது.

பிறகு கடைக்காக நான் முகநூலில் போட்ட புது எண்ணுக்கும் அவனே அழைத்தான், அதே குரலில், அதே கோயில் கதையோடு. அவனிடம் ஏமாந்த சரோஜா அக்கா எதிரில் நின்றார். ஸ்பீக்கரைப் போட்டு, பொய் எண்களாகச் சொல்லிக்கொண்டே போனேன்.

"பிழையா இருக்கேண்ணே…"

அவன் கெஞ்சக் கெஞ்ச எனக்கு இனித்தது. அக்கா போனைப் பிடுங்கினார்.

"அடேய், மாரியாத்தா ஒன் நம்பரக் கேட்டா. குடுத்துட்டேன். இனி போன வச்சிரு!"