ரஹ்மத்துன்னிசாவின் அலைவரிசை

கொடைக்கானல் பஜாரில் இருந்த ஸ்வெட்டர் கடையைப் புருஷன் கையில் விட்டுவிட்டு, கூக்கால் போகிற ரோட்டில் காட்டேஜ் நடத்த வந்தவள் ரஹ்மத்துன்னிசா. சமையல்கட்டு கீழே பள்ளத்தில். ஆபீஸ் ரூம் நடுவில். காட்டேஜுகள் மேலே சரிவு முழுக்கச் சிதறிக் கிடந்தன. ஆபீஸுக்குக் கேபிள் வழியாக நெட் வந்ததே தவிர, போனில் சிக்னல் என்பது மருந்துக்கும் இல்லை. ஆகவே அங்கே எல்லாம் அவள் தொண்டையால்தான் நடந்தது.

"ஏலே சின்னக்கருப்பா, மேல்வீட்டுக்கு வெந்நீ!" என்று அவள் வேலையாளுக்கு ஒரு குரல் கொடுத்தால், எதிர்ச்சரிவில் பீன்ஸ் பறித்துக்கொண்டிருக்கும் கதிர்வேல் நிமிர்ந்து, "அவன் காதுல விழலம்மா, நான் சொல்லிர்றேன்" என்பார். இப்படியே வருஷக்கணக்காக ஓடியது.

ஒருநாள் மருமகள் சமீஹா, தங்கிப்போன ஒருவர் நெட்டில் எழுதியிருந்ததைப் படித்துக் காட்டினாள். 'சாப்பாடு அருமை. மலை அருமை. அமைதி மட்டும் இல்லை. ஓனரம்மாவுக்கு வால்யூம் குறைக்க வழியிருந்தால் நல்லது.'

ரஹ்மத்துன்னிசா அன்று முழுக்கக் குசுகுசுவென்றே பேசினாள். அதில் மூன்று ரூமுக்கு டீ போகவில்லை.

"வாக்கி டாக்கி வாங்கிருவோம் மாமி" என்றாள் சமீஹா.

மதுரையில் ஒரு கடையில் சல்லிசாகக் கிடைத்தது. பில்லும் இல்லை, பேப்பரும் இல்லை. ரஹ்மத்துன்னிசாவுக்கு அந்தச் சாமானை ரொம்பப் பிடித்துப்போனது. பட்டனை அமுக்கிக்கொண்டு பேசும்வரை எதிரில் இருப்பவர் வாயே திறக்க முடியாது என்பதை முதல்நாளே கண்டுபிடித்துவிட்டாள். அதன்பிறகு அவள் விரல் பட்டனைவிட்டு எழுந்ததே அபூர்வம்.

அந்தச் சமயத்தில்தான் பக்கத்துப் புல்வெளியில் சினிமா ஷூட்டிங் வந்தது. கதாநாயகன் அம்மாவைப் பிரியும் காட்சி. அவர் கண்ணில் தண்ணீர் முட்டி நின்ற நேரம் பார்த்து, யூனிட் ஆட்கள் கையிலிருந்த வாக்கி டாக்கி அத்தனையிலும் ஒரு பெண்குரல் அதிகாரமாக ஒலித்தது:

"போதும்ப்பா! எல்லாத்தையும் அணைச்சுட்டு வெரசா சாப்பிட வாங்க. ஆறிப்போச்சுன்னா என்னைய கேக்கக் கூடாது."

ஜெனரேட்டர்க்காரர் அணைத்துவிட்டார். லைட்டுகள் அணைந்தன. தயாரிப்பாளர் வீட்டம்மா வந்திருக்கிறார்கள் போல என்று நினைத்து, யூனிட் மொத்தமும் சாப்பாட்டு வேனைப் பார்த்து நடந்தது. கதாநாயகன் மட்டும் அழுதபடியே நின்றார்.

தேடிப் பிடித்து வந்த புரொடக்ஷன் மேனேஜர் செந்தில்வேலுக்குக் கோபத்தில் மூச்சு வாங்கியது. ரஹ்மத்துன்னிசா அவரை உட்காரவைத்து, நெய்ச்சோறும் தால்ச்சாவும் போட்டாள். மறுசோறு வாங்கிச் சாப்பிட்டு முடித்தவர், கை கழுவும்போது சங்கடத்தோடு சொன்னார்: "நாங்க லைசென்ஸ் வாங்கி வச்சிருக்க அலைவரிசைம்மா அது. கம்ப்ளைன்ட் குடுத்துட்டுத்தான் இங்கிட்டு வந்தேன். முன்னாடியே சாப்பிட்டிருந்தா குடுத்திருக்க மாட்டேன்."

அடுத்த வாரமே ஜீப்பில் ஆன்டெனாவைக் கட்டிக்கொண்டு வயர்லெஸ் துறை அதிகாரி சிவமுருகன் வந்து இறங்கினார். மெலிந்த மனிதர். மலை வளைவுகளில் வாந்தி எடுத்து முகம் வெளுத்திருந்தது. இஞ்சி டீ கொடுத்தார்கள். குடித்துத் தெம்பான பிறகு வாக்கி டாக்கி எல்லாவற்றையும் பெட்டியில் போட்டு சீல் வைத்தார்.

"சின்ன சக்தியில ஓடுற செட்டுன்னா லைசென்ஸ் தேவையில்ல மேடம். இது பெரிய சக்தி. டெல்லியில விண்ணப்பம் போட்டு, உங்களுக்குன்னு ஒரு அலைவரிசை வாங்கிட்டுத்தான் பேசணும்."

"என் எடத்துல, என் ஆளுகளோட பேசுறதுக்கா?"

"எடம் உங்களோடது மேடம். காத்து அரசாங்கத்தோடது."

சொல்லிவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஜீப்பில் ஏறினார்.

விண்ணப்பம் முழுக்கக் கம்ப்யூட்டரில். சமீஹா உட்கார்ந்து நிரப்பினாள். கடைசியில் ரஹ்மத்துன்னிசாவின் போனுக்கு ஓடிபி வருமாம். அதைப் போட்டால்தான் கதவு திறக்குமாம். போனுக்கு மெசேஜ் வந்து சேரும் ஒரே இடம் மேலே தண்ணீர்த் தொட்டி வளைவு. அங்கேயும் பேச முடியாது, ஹலோ என்பதற்குள் அறுந்துவிடும். வளைவிலிருந்து ஆபீஸுக்கு ஓடி வருவதற்குள் ஓடிபிக்கு ஆயுள் முடிந்துவிடும். சின்னக்கருப்பனை ஓடவிட்டுப் பார்த்தார்கள். பாதி வழியில் வழுக்கி விழுந்ததில் அவனுக்கு எண்ணே மறந்துபோனது.

"வேற வழியில்ல. நானே கத்துறேன்" என்று ரஹ்மத்துன்னிசா முக்காட்டை இறுக்கிக்கொண்டு வளைவுக்கு ஏறினாள்.

மெசேஜ் வந்தது. 'இந்த எண்ணை யாரிடமும் பகிர வேண்டாம்' என்றும் அதில் இருந்தது. அவள் மூச்சை இழுத்து மலையே அதிரக் கத்தினாள்.

"ஏழூ!"

மலை திருப்பிச் சொன்னது: ஏழூ.

"நாலூ!"

நாலூ, என்றது மலை. கீழே சமீஹா ஏழு ஏழு நாலு நாலு என்று அடித்துக்கொண்டே போய், கட்டம் தீர்ந்துவிட்டது என்று கையை விரித்தாள். அடுத்த தடவை பனி இறங்கி, ஆறும் நூறும் ஒன்றாகக் கேட்டது. மூன்றாவது தடவை எதிர்ச்சரிவிலிருந்து கதிர்வேலின் குரல் வந்தது: "ஏம்மா, நீங்க எனக்குச் சொல்லுங்க! நான் கீழ சொல்றேன்! என் பக்கமிருந்து எதிரொலிக்காது!"

அப்படித்தான் நடந்தது. வளைவிலிருந்து பீன்ஸ் தோட்டத்துக்கும், பீன்ஸ் தோட்டத்திலிருந்து ஆபீஸுக்குமாக எண் இறங்கியது. ரோட்டில் போன மினி பஸ் நின்று, டிரைவர் ஜன்னல் வழியாக, "கடைசி நம்பர் ஒம்போதா, அஞ்சாங்க?" என்று விசாரித்தார். ஒன்பது என்று பஸ்ஸில் இருந்தவர்களே சொன்னார்கள். விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது.

சில வாரம் கழித்து டெல்லியிலிருந்து கேள்வி வந்தது. எதற்காக வயர்லெஸ் வேண்டும் என்ற இடத்தில், காட்டுமாடு வரும்போது விருந்தாளிகளை எச்சரிக்க என்பதைச் சமீஹா ஆங்கிலத்தில் 'காட்டுப் பசு' என்கிற மாதிரி எழுதிவிட்டாள். மாட்டுத் தொந்தரவுக்கு உள்ளூர் கால்நடை மருத்துவரை அணுகலாமே என்று கேட்டிருந்தார்கள்.

ரஹ்மத்துன்னிசாவுக்கு வந்ததே கோபம். மறுநாள் வெள்ளனே சமையல்கட்டு வாசலில் வந்து நின்ற காட்டுமாட்டை, அளவு தெரியட்டும் என்று சின்னக்கருப்பனையும் தூரத்தில் நிறுத்தி, போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னாள். அவன் தலை மாட்டின் தோளுக்குக்கூட வரவில்லை. அதன்பிறகு கேள்வி எதுவும் வரவில்லை.

லைசென்ஸ் வந்தது. சிவமுருகன் சீல் வைத்த பெட்டி திரும்பவில்லை. ஒப்புதல் பெற்ற புது செட்டுகள் வாங்க வேண்டியதாயிற்று. அவரே மெயிலில் விதிகளை எழுதி அனுப்பினார். வேலை விஷயம் மட்டும் பேச வேண்டும். சுருக்கமாகப் பேச வேண்டும். பேசுவதை எப்போது வேண்டுமானாலும் அரசாங்க ஆபீஸில் இருந்து கேட்பார்கள்.

கேட்பார்கள் என்ற அந்த ஒரு வார்த்தை ரஹ்மத்துன்னிசாவை முடக்கிப்போட்டது. செட்டைக் கையில் எடுப்பாள், பட்டன்மேல் விரல் வைப்பாள், கீழே வைத்துவிடுவாள். "டெல்லிக்காரன் கேட்டுக்கிட்டு இருக்கப்ப வெந்நீ, வெங்காயம்னு பேசச் சொல்றியா?" என்று சமீஹாவிடம் கேட்டாள். காட்டேஜில் அப்படியோர் அமைதி. கதிர்வேல் கவலைப்பட்டு, "அம்மாவுக்கு ஒடம்புக்கு முடியலையா?" என்று ஆள் அனுப்பி விசாரித்தார்.

ஒரு சாயங்காலம் பனி கட்டியாக இறங்கியிருந்தது. புதுசாகக் கல்யாணமான ஜோடி ஒன்று, துணைக்குச் சின்னக்கருப்பனோடு, மேல்வீட்டிலிருந்து சாப்பிடக் கிளம்பி நடந்தது. ஆபீஸ் வாசலில் நின்ற ரஹ்மத்துன்னிசாவுக்குப் பனி ஒரு நிமிஷம் விலகியபோது, பாதையின் குறுக்கே கறுப்பாக ஒன்று மூச்சுவிடுவது தெரிந்தது. கத்தினால் மாடு மிரளும். மிரண்டால் எந்தப் பக்கம் பாயும் என்று சொல்ல முடியாது.

செட்டை எடுத்தாள்.

"சின்னக்கருப்பா. பாதையில மாடு. புள்ளைகள ரூமுக்குத் திருப்பு. சத்தம் போடாத."

அவ்வளவுதான். பட்டனை விட்டுவிட்டாள். கொஞ்சம் கழித்துச் சின்னக்கருப்பன், "திருப்பிட்டேம்மா. உள்ள விட்டுக் கதவச் சாத்தியாச்சு" என்றான்.

அவள் அப்படியே படியில் உட்கார்ந்தாள். காட்டுமாடு அவசரமே இல்லாமல் புல்லை மேய்ந்துவிட்டு, ஒரு பூந்தொட்டியை முட்டித் தள்ளிவிட்டு, பக்கத்துக் காட்டுக்குள் போனது.

"பூந்தொட்டி போச்சும்மா" என்றது செட்டு.

"போகட்டும். அந்தப் புள்ளைகளுக்கு ரூமுக்கே சாப்பாட்டக் கொண்டு போ. ரசம் சூடா இருக்கணும். அப்பளம் நமுத்துப் போகாம மூடிக் கொண்டு போ. அந்தப் பொண்ணு காரம் சாப்பிடாதுன்னு மதியமே சொல்லுச்சு, அதுக்குத் தனியா..."

விரல் பட்டனில் அமுங்கியே இருந்தது. சமீஹா சிரித்துக்கொண்டே டார்ச்சை எடுத்துக்கொண்டு சமையல்கட்டுக்கு இறங்கினாள்.