லாஸர் பொறுப்பில் ஒரு ரப்பர் செடி

பிரைலா துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்ற லாஸருக்கு வீட்டுவேலை ஒன்றும் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய தேவையை மனைவி ஸ்மரந்தா வைத்ததில்லை. நவம்பரில் அவள் வயிற்றில் கட்டி என்று ஆஸ்பத்திரியில் படுக்கச் சொன்னார்கள். கோட்டுப் பித்தானைப் போட்டுக்கொண்டே புருஷனிடம் சொன்னாள்:

"சூப்பு வைக்கத் தெரியலன்னா ரொட்டியத் தின்னுட்டுக் கெட. செடிய மட்டும் பாத்துக்க. குளிர்ல அது தூங்கும். மண்ணு நல்லாக் காஞ்சா ஒரு வாய் தண்ணி, போதும். ஜன்னல் பக்கம் தள்ளாத. என்ன, காதுல விழுதா?"

"விழுது, விழுது."

பிள்ளையில்லாத வீடு. அந்த ரப்பர் செடிதான் கூடத்து மூலையில் ஆளுயரம் தாண்டி நின்றது. அகன்ற இலைகளைப் பீர் கலந்த தண்ணீரால் துடைத்துப் பளபளக்க வைப்பாள் ஸ்மரந்தா. நல்ல பீரை வீணாக்குகிறாள் என்று லாஸர் முணுமுணுப்பார்.

அந்தக் குளிர்காலத்தில் வீடுகளைச் சூடாக்க அரசாங்கம் குழாய்வழி அனுப்பிய வெந்நீர் நாலாவது மாடிக்கு ஏறவே இல்லை. சுவரோரக் குழாய்கள் பிணம்போலச் சில்லிட்டுக் கிடந்தன. ஜன்னலின் உள்பக்கமே பனி பூத்தது. ஆஸ்பத்திரியில் அவளைப் பார்த்துவிட்டுத் திரும்பியதும் லாஸருக்குக் கையை என்ன செய்வதென்று தெரியாது. சொம்பை நிரப்பிச் செடிக்கு ஊற்றுவார். அடியிலை மஞ்சளாகி விழுந்தது. தாகம் போலிருக்கிறது என்று இன்னும் ஊற்றினார்.

"செடி எப்படியிருக்கு?" என்பாள் ஸ்மரந்தா.

"புது இலை விட்டிருக்கு."

வீட்டில் இலை உதிர உதிர, ஆஸ்பத்திரியில் அவர் வாயில் துளிர்த்துக்கொண்டே போனது.

எதிர்வீட்டு வெட்டா ஒருநாள் உள்ளே வந்து மூக்கைப் பொத்திக்கொண்டாள். "என்ன லாஸர் அண்ணே, குளத்துச் சேறு மாதிரி நாறுது?" தொட்டியில் விரலை விட்டுப் பார்த்தாள். "அய்யோ, வேரே அழுகிப்போச்சு. இந்தக் குளிர்ல இவ்வளவு தண்ணிய அது எங்க கொண்டுபோய் வைக்கும்?"

ஜனவரியில், இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று ஸ்மரந்தாவை வீட்டுக்கு அனுப்பினார்கள். லாஸர் வெட்டாவிடம் கெஞ்சி அவளுடைய ரப்பர் செடியைக் கொண்டுவந்து மூலையில் நிறுத்தினார். மொட்டைக் குச்சியாக நின்ற தங்கள் செடியைப் பால்கனிக்குத் தள்ளினார்.

அக்கம்பக்கத்து ஆட்கள் நாற்காலியோடு ஸ்மரந்தாவைத் தூக்கி வந்து படுக்க வைத்தார்கள். தலையணையில் சாய்ந்ததுமே சொன்னாள்: "இது வெட்டாவோடது."

லாஸர் போர்வையை இழுத்து அவள் காலை மூடினார்.

"திருப்பிக் குடுத்துடு. இதையும் கொன்னுடாத. என்னோடது எங்க?"

கொண்டுவந்து காட்டினார். அவள் நகத்தால் பட்டையைக் கீறினாள். உள்ளேயும் பழுப்பு.

"தண்ணி எவ்வளவு ஊத்தின?"

"தினமும்."

"தினமுமா! நாப்பது வருஷத்துல எனக்கு ஒரு டம்ளர் மோந்து குடுத்திருப்பியா நீ?" சிரிக்கத் தொடங்கியவள் வலியில் நிறுத்தினாள். "புது இலைன்னு சொன்னியே. அதை நெனச்சுக்கிட்டுதான்யா அங்க படுத்திருந்தேன்."

சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அன்று முழுக்க அவரோடு பேசவில்லை. மறுநாள் பேசினாள், ஆனால் செடியைப் பற்றி இல்லை. மருந்து, போர்வை, கதவைச் சாத்து, அவ்வளவே.

பிப்ரவரி முடியும் முன்பே போய்விட்டாள். மண் கல்லாக உறைந்திருந்ததால் பழைய டயர்களைக் கொளுத்தி இளக்கித்தான் குழி வெட்டினார்கள். காரியச் சாப்பாட்டுக்குக் கோதுமைப் பொங்கல் செய்ததும் பரிமாறியதும் வெட்டாதான். பாத்திரம் கழுவி முடித்தவள், "என் செடியில ஒரு கொப்பு வெட்டித் தரேன், அண்ணே. தண்ணியில போட்டா வேர் விடும்," என்றாள்.

"வேணாம்மா. எனக்கு வராது."

"வசந்தத்துல எல்லாருக்கும் வரும்."

"அவ கேட்டப்ப உண்மையச் சொல்லியிருக்கணும் வெட்டா. திட்டியிருப்பா. திட்டிட்டு, என்ன செய்யணும்னு சொல்லியிருப்பா. செடியாவது மிஞ்சியிருக்கும்."

வெட்டா பட்டுப்போன குச்சியைத் தொட்டியிலிருந்து பிடுங்கிப் போட்டாள். காலித் தொட்டியை மட்டும் எடுத்துக்கொண்டு போனாள். லாஸர் அந்த மூலைக்குத் தன் நாற்காலியை இழுத்துப் போட்டுக் கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்தார். மார்ச்சில் வெயில் வந்த பிறகுதான் குழாய்கள் சுட்டன.